நான்கு கதவு, பத்து லட்சம் டாலர்

ஜெஃப் தாம்சனை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1975 உலகக் கோப்பையில் இலங்கையின் மென்டிஸ், வெத்தமுனி இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பந்துவீச்சாளர். 1977-78இல் நம்மவர்கள் அங்கே போய் ஆடியபோது, விடியற்காலையில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டு இந்த மனுஷர் பந்துக்குப் பயந்தவன் நான். அவர் ஒரு காலத்தில் வைத்திருந்த கார் 2018இல் ஏலத்துக்கு வந்து, பத்து லட்சத்து முப்பதாயிரம் ஆஸ்திரேலிய டாலருக்குப் போயிற்று.

படத்தைத் தேடிப் பார்த்தேன். ஃபெராரி மாதிரி தரையோடு தரையாக இருக்கும் என்று நினைத்தால், நான்கு கதவு வைத்த குடும்ப வண்டி! ஃபோர்டு ஃபால்கன் ஜிடி-எச்ஓ, ஃபேஸ் த்ரீ. 1971இல் புதிதாக வாங்கினால் ஐயாயிரத்துச் சொச்சம் டாலர்.

இதற்குக் காரணம் ஒரு விதி. நியூ சவுத் வேல்ஸில் பாத்ஹர்ஸ்ட் என்ற ஊரின் மவுண்ட் பனோரமா மலையில் ஆண்டுதோறும் பெரிய பந்தயம். சுற்று ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். மற்ற நாட்களில் ஜனங்கள் போய்வரும் சாதாரணச் சாலை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்குக் கார்ப் பந்தயம் என்றால் லெ மான்தான். அங்கே பந்தயத்துக்கென்றே வண்டி செய்து கொண்டுவருவார்கள். பாத்ஹர்ஸ்டில் அந்நாளில், பொதுமக்களுக்கு விற்கிற வண்டிதான் ஓடலாம். கம்பெனிக்காரன் விடுவானா? பந்தய வண்டியையே கடையில் வைத்து விற்றுவிட்டான். 5.8 லிட்டர் வி8 எஞ்சின். மொத்தம் 300 வண்டிகள். அந்த ஆண்டே ஆலன் மொஃபாட் தனி ஆளாக 500 மைலும் ஓட்டி ஜெயித்தார்.

எதிர்க்கட்சி ஹோல்டன். 1968இல் அவர்களுடைய மொனாரோ, 1972இல் டொரானா. நம்மூர் எம்ஜிஆர், சிவாஜி மாதிரி வீட்டுக்கு வீடு கட்சி. கிரைஸ்லர் சார்ஜர் தெருவில் போனால், விளம்பரத்தில் வருவதுபோல் இரண்டு விரலைக் காட்டி "ஹே சார்ஜர்" என்று பையன்கள் கத்துவார்களாம்.

1972 ஜூனில், மணிக்கு 160 மைல் போகும் வண்டிகள் வரப்போகின்றன என்று சிட்னி ஞாயிறு பத்திரிகை ஒன்று முதல் பக்கத்தில் போட்டது. மந்திரி கொதித்தார். சில நாட்களிலேயே மூன்று கம்பெனிகளும் அடுத்த வண்டியைக் கைவிட்டன. நான் மந்திரி பக்கம்தான். இருபது வயதுப் பையன் கையில் கொடுக்கிற வண்டியா அது? ஆனால் கதை அப்படிப் பாதியில் நின்றதால்தான் இந்த விலை. 2016இல் ஃபோர்டும் 2017இல் ஹோல்டனும் அங்கே கார் செய்வதையே நிறுத்திவிட்டன. இனி வராது என்றால் கேட்கவேண்டுமா?

குமாஸ்தாவாக இருந்த எனக்கு ருசித்தது வேறு விஷயம். சாதாரண ஃபால்கன் ஒன்றை எடுத்து, எஞ்சின் மாற்றி, பட்டை ஒட்டி, அச்சு அசலாக ஜிடி-எச்ஓ செய்துவிடலாம். நகல் என்று சொல்லியே விற்பவர்கள் உண்டு, சொல்லாமல் விற்பவர்களும் உண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எஞ்சினில் பொறித்த எண், சேஸிஸ் எண், தகட்டிலுள்ள எண் எல்லாம் ஒத்துப்போகவேண்டும். முதல் சொந்தக்காரரின் ரசீது இருந்தால் இன்னும் விசேஷம். பதிவுச் சான்றை பிரெஞ்சில் 'கார்த் கிரீஸ்', அதாவது சாம்பல் நிற அட்டை என்பார்கள். அந்த மாதிரி அட்டைக்குத்தான் பாதிப் பணம்! ஆயுள் முழுக்க ஃபைலில் எண் சரிபார்த்தவனுக்கு இதில் ஓர் அற்பத் திருப்தி.

1971இல் பதினைந்து வயதில் இந்த வண்டியின் படத்தைச் சுவரில் ஒட்டிய பையனுக்கு இப்போது எழுபதை நெருங்கியிருக்கும். பணம் வந்து வண்டியை வாங்கும்போது முழங்கால் போயிருக்கும். ஓட்டினால் தேயும், இடித்தால் போச்சு. ஆகவே மலையேறிப் பாயச் செய்த வண்டிகளில் பல, துணி போர்த்திக்கொண்டு ஷெட்டில் நிற்கின்றன.

நானாக இருந்தால் நகலைத்தான் வாங்குவேன். பென்ஷனில் அதுவும் முடியாது. ஆனாலும் அதையாவது மழையில் வெளியே எடுக்கலாமே.