செடிகள் முதலில் குடியேறிய வீடு

அன்னாசிப்பழம் நறுக்கும்போது கொண்டையைத் திருகிக் குப்பையில் போட்டுவிடுகிறோம் அல்லவா? அடுத்த முறை போடுவதற்கு முன் ஒரு நிமிஷம் அதை உற்றுப் பாருங்கள். நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி விரியும் விறைப்பான இலைகள்! இதே ஜாடையில் 3,000-க்கும் அதிகமான உறவுக்காரச் செடிகள் உண்டு. 'புரோமீலியட்' என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரே ஓர் இனத்தைத் தவிர, மற்ற எல்லாவற்றுக்கும் பிறந்த வீடு அமெரிக்கக் கண்டங்கள்தான். அன்னாசியைப் போர்த்துக்கீசியர் நமக்குக் கொண்டு வந்தார்கள். அதன் பெயரும் தென் அமெரிக்கப் பழங்குடியினரின் சொல்லிலிருந்து அவர்கள் வழியாக வந்ததுதான்.

இந்தச் செடிகளை ஆசை ஆசையாகச் சேர்த்த ஒருவருடைய வீட்டைப் பிரேசில் நாட்டில் பார்த்துவிட்டு வந்தோம். ரியோ டி ஜெனிரோ நகரின் மேற்குக் கோடியில், பாரா டி குவாரதிபா என்ற இடத்தில், மலைச்சரிவில் இருக்கிறது அந்த வீடு. கோபகபானா கடற்கரையிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு போனால் வழிகாட்டி கூட வந்து சுற்றிக் காட்டுகிறார்.

வீட்டுக்காரர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ். 1909-ல் பிறந்தவர். தோட்டங்களை வடிவமைப்பதில் உலகப் புகழ் பெற்றவர். கோபகபானா நடைபாதையில் பெரிய கோலம் போட்டது போன்ற கல் வேலைப்பாடு 1970-ல் இவர் செய்ததுதான். செடி ஆசை அம்மாவிடமிருந்து வந்தது. அந்த அம்மாள் சிசிலியா பியானோ வாசிப்பார், பாடுவார், தோட்டமும் போடுவார். பிள்ளை சின்ன வயதிலேயே தனக்கென்று செடி சேர்க்க ஆரம்பித்துவிட்டான். பிறகு 1928-ல் குடும்பத்தோடு ஜெர்மனி போனபோது, பெர்லின் தாவரவியல் பூங்காவின் கண்ணாடி வீட்டுக்குள் தன் நாட்டுச் செடிகளை ராஜமரியாதையோடு வைத்திருப்பதைப் பார்த்து அசந்து போனாராம். தன் ஊரில் அவற்றைத் திரும்பிப் பார்ப்பாரில்லை!

1949-ல் சகோதரரோடு சேர்ந்து இந்த நிலத்தை வாங்கினார். எதற்கு? சேர்த்த செடிகளை வைக்க இடம் போதவில்லை! அவர் நிரந்தரமாக இங்கே குடிவந்தது 1973-ல்தான். செடிகள் முன்னால் வந்துவிட்டன. மனிதர் 24 வருஷம் கழித்து வந்தார்.

இப்போது சுமார் 100 ஏக்கரில் 3,500 வகைச் செடிகள் இருக்கின்றன. அடேயப்பா! பாறை இடுக்கிலும் மரக்கிளையிலும் புரோமீலியட்கள் உட்கார்ந்திருக்கின்றன. இவை புல்லுருவி மாதிரி மரத்தை உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் மட்டும்தான் கேட்கின்றன. இலைக் குழியில் தேங்கும் மழைநீரே குடிநீர். காட்டில் அந்தத் தண்ணீரில் தவளைகூடக் குடித்தனம் நடத்தும்.

நிழல் விரும்பும் செடிகளுக்கென்று பெரிய பந்தல்கள் போட்டிருக்கிறார்கள். அவற்றில் இரண்டுக்குப் பெண்களின் பெயர். ஒருவர் மார்கரெட் மீ. அமேசான் காட்டுக்குள் திரும்பத் திரும்பப் போய்ச் செடிகளை வரைந்த ஓவியர். இன்னொருவர் கிராசியேலா பரோசோ. 16 வயதில் கல்யாணம் ஆனவர். கல்லூரியில் சேர்ந்தது 47 வயதில். டாக்டர் பட்டம் வாங்கியது 60 வயதில். பிரேசிலின் தாவர நிபுணர்களில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுகிறவர். "இந்த வயசுக்கு மேல எனக்கெதுக்கும்மா படிப்பு" என்பவர்கள் அந்தப் பந்தலடியில் கொஞ்ச நேரம் நிற்கலாம்!

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார். "நம்ம பால்கனியிலயே பதினோரு தொட்டி ஆச்சு. இதையெல்லாம் பார்த்துட்டு வந்து நீ இன்னும் வாங்கினா நான் எங்கே ஈஸிசேர் போடறது?" என்றார். நியாயமான கேள்விதான். ஏனென்றால், புரோமீலியட் வாங்காமலேயே பெருகும்.

நம் வாழை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செடியும் ஒரே தடவைதான் பூக்கும். பூ மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு. பிறகு தாய் மெல்ல மெல்ல வாடி, ஓரிரு வருஷத்தில் போய்விடும். போவதற்குள் பக்கத்தில் கன்று விட்டுவிடும். பூ முடிந்ததும் 'செடி செத்துப்போச்சு' என்று பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். கன்று, தாயில் மூன்றில் ஒரு பங்காவது வளரட்டும். பாதி உயரம் வந்தால் இன்னும் நல்லது. பிறகு கூரான சுத்தமான கத்தியால் அறுத்து, ஒரு நாள் காயவிட்டு நடுங்கள். களிமண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, கொஞ்சம் மக்கிய இலை போதும். உச்சி வெயில் பெரும்பாலானவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. செம்புக் கம்பியும் செம்பு கலந்த மருந்தும் கிட்டே வரக்கூடாது.

முக்கியமான விஷயம், கொசு. இலைக் குழியில் நிற்கும் தண்ணீரை வாரம் இரண்டு தடவை குழாயைப் பீய்ச்சி வெளியேற்றி, புதுத் தண்ணீர் விடுங்கள். உங்களால் எத்தனை செடிக்கு இதைத் தவறாமல் செய்ய முடியுமோ, அத்தனைதான் உங்கள் வீட்டுக் கணக்கு. இடம் இருக்கிறதே என்று அதற்கு மேல் வைத்தால் டெங்குவுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகும்.

மீதிக் கன்றுகளை என்ன செய்வது? அதற்கும் அந்த வீட்டுக்காரரே வழிகாட்டி. செடி சேர்ப்பவர்களுக்கெல்லாம் ஒரு கவலை உண்டு: 'நமக்கப்புறம் இதுக்கு யார் தண்ணி ஊத்துவா?' பர்லே மார்க்ஸ் அந்தக் கேள்விக்குத் தன் காலத்திலேயே பதில் தேடிக்கொண்டார். 1985-ல் வீடு, நிலம், செடி எல்லாவற்றையும் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கேயே வாழ்ந்து 1994-ல் கண் மூடினார். அவர் போய் 27 வருஷம் கழித்து, 2021-ல் யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தோட்டம் வாடவில்லை, தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது.

நமக்கு 100 ஏக்கர் இல்லாவிட்டால் என்ன? ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். செடியின் பெயர், வாங்கிய தேதி, பூத்த மாதம், கன்று யாருக்குக் கொடுத்தோம் என்று குறித்து வையுங்கள். ஒரு கன்று நமக்கு. மற்றவை எதிர்வீட்டு மாமிக்கு, தங்கைக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு. பெயர்ச் சீட்டோடு கொடுங்கள். கொசு விஷயத்தையும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். என்றாவது நம் செடி பட்டுப்போனால், கொடுத்த வீட்டிலிருந்தே கன்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.