முக்கால் கிலோ எங்கே போனது?



பேத்தியிடம் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறேன் என்று எழுதியபோது, "இந்த வயசுல எதுக்கு சார்?" என்று சிலர் கேட்டீர்கள். பதில் இந்த மாதம் கிடைத்தது மக்களே.

நம்ம கீரிப்பாறைப் பக்கம் ஒரு சின்ன ரப்பர் தோட்டம். பால்வெட்டுகிறவர்களுக்கு எடைக்கேற்ற கூலி. நோட்டில் எழுதிவந்த கணக்கை, என் பழைய மாணவன் ஒருவனுடைய மகன் போனில் பார்க்கும்படி செய்து கொடுத்தான். கெட்டிக்காரப் பையன். ஆனால் அங்கே வெட்டுக்குப் போகும் பெண் ஒருத்தி, "சார், என் நோட்டுல இருக்கதும் போன்ல வாறதும் ஒத்துவரல்ல" என்று வந்தாள். அவளும் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். அவள் கூட்டல் சரியாகவே இருந்தது.

பிறகு பையனோடு உட்கார்ந்து பார்த்தேன். நாம் கட்டத்தில் 18 என்று தட்டினால் கணினிக்கு அது எண் அல்ல, வெறும் எழுத்து. 18-ஐயும் 7-ஐயும் அப்படியே கூட்டச் சொன்னால் 25 வராது; ஒட்டவைத்து 187 என்று காட்டும். அதனால் எழுத்தை எண்ணாக மாற்ற வேண்டும். அதற்குப் பையன் போட்டிருந்தது பார்ஸ்இன்ட் என்ற கட்டளை.

அது இடமிருந்து படிக்கும். இலக்கம் இருக்கும்வரை எடுத்துக்கொள்ளும். வேறு குறி வந்தால் நின்றுவிடும். '18 கிலோ' என்றால் 18. '1,250' என்றால், காற்புள்ளியில் நின்று, வெறும் 1! '18.75' என்றால் புள்ளியில் நின்று 18. முக்கால் கிலோ போச்சு.

கவனியுங்கள், இது கிட்டிய எண்ணுக்குத் திருத்துவது அல்ல. அப்படியானால் ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். இது எப்போதும் வெட்டும். நஷ்டம் எப்போதும் தொழிலாளிக்குத்தான். நாளுக்குச் சராசரி அரை கிலோ என்றாலும் 20 நாளில் 10 கிலோ. விடியுமுன் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு மரம் மரமாக நடந்தவளின் பால் அது.

நம்பர் என்று இன்னொரு கட்டளை உண்டு. அது கண்டிப்பான வாத்தியார். '18.75' என்றால் முழுசாகத் தரும். '18 கிலோ' என்றால் 'எண் அல்ல' என்று திருப்பிவிடும். ஆனால் வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். எடை போட மறந்த நாளும் பால் இல்லாத நாளும் ஒன்றாகிவிடும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

தசமத்திலும் சிக்கல் உண்டு: ஜாவாஸ்கிரிப்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, கடைசியில் ஒரு துளி மிஞ்சும். ஆகவே கிலோவை விட்டு கிராமில் எழுதச் சொன்னேன். 18,750 கிராம், காற்புள்ளி இல்லாமல். இப்போது முழு எண்ணாக மாற்றினாலும் யாருக்கும் எதுவும் குறையாது. பையன் அன்றைக்கே மாற்றினான். பழைய மாதக் கணக்குகளை நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். விடுபட்டதைக் கொடுப்பதாகத் தோட்டக்காரரும் ஒத்துக்கொண்டார்.

கணினித் துறையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம்: நீங்கள் எழுதிய கணக்கில் முழு எண்ணாக்கும் இடங்களைத் தேடுங்கள். அங்கே வெட்டுப்படுவது யாருடைய பங்கு என்று பாருங்கள். மற்றவர்களுக்கு: போன் கணக்குச் சொன்னாலும் கைநோட்டை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சார்