ஒட்டகம் உறங்கிய கரை

சிறுபாணாற்றுப்படையில் கடற்கரை மணலில் ஒட்டகங்கள் படுத்திருக்கின்றன. அலை கொண்டுவந்து ஒதுக்கிய பெரிய மரங்களைப் பார்த்த புலவருக்கு, நெடிய ஒட்டகங்கள் கால் மடக்கி உறங்குவது போலத் தோன்றியிருக்கிறது. மரத்தை மரம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். முதலை என்றோ கவிழ்த்த தோணி என்றோ சொல்லியிருந்தாலும் நெய்தல் நிலத்துக்குப் பொருந்தியிருக்கும். ஒட்டகம் என்றார். மீன்வாடை வீசும் ஒரு பட்டினத்துக் கரையில் அந்த விலங்கு எப்படி வந்து படுத்தது என்ற கேள்வி என்னை விட்டபாடில்லை.

பாடியவர் நல்லூர் நத்தத்தனார், இடைக்கழிநாட்டுக்காரர். சங்கப் புலவர்கள் பலருடைய ஊரை நாம் ஊகத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. இவருடைய நாட்டுக்குப் பேருந்தில் போய் இறங்கலாம். இடைக்கழிநாடு இன்று செங்கல்பட்டு மாவட்டம் செய்யூர் வட்டத்தில் ஒரு பேரூராட்சி. மாமல்லபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் மாமல்லபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இந்தப் பகுதியைக் கடந்துவிடுகிறார்கள். நடுவில் எத்தனை ஊர்கள்! 1782 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதிக்கொண்ட கடல், டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கு நேர் எதிரே கிடக்கிறது. பாலாறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் வாயலூர்க் கோயில் தூணில் ராஜசிம்மன் தன் பல்லவ முன்னோர் வரிசையைப் பொறித்து வைத்திருக்கிறான். அதற்கும் தெற்கே கடலூர்க் குப்பங்கள், பனையூர், கடப்பாக்கம்.

கடப்பாக்கத்தில் கிழக்கே திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. 18ஆம் நூற்றாண்டில் முகலாயர் ஆட்சியின்போது எழுந்தது. 1750இல் பிரெஞ்சுக்காரரான டூப்ளேயின் கைக்குப் போனது. பத்தே ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். நாணயச் சாலை இருந்த இடம், கப்பலில் சரக்கு ஏற்ற நீண்ட துறைமேடை இருந்த இடம். இப்போது செங்கல் மதிலும் அதில் வேர்விட்ட மரங்களும் மிச்சம். மதிலில் கை வைத்துப் பார்த்தால் காரை உதிர்கிறது. உதிர்ந்ததை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். சரியாக வேகாத கிளிஞ்சல் துணுக்குகள் நகக்கண் அளவில் பளபளத்தன. கடலிலிருந்து எடுத்ததைக் கொண்டே கட்டியிருக்கிறார்கள். கடல்காற்றே அதைக் கரைத்துக்கொண்டும் இருக்கிறது.

மதிலைத் தாண்டினால் கழிமுகம். முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நடந்தால் எதிரே மணல்திட்டு, அதற்கு அப்பால் வங்கக் கடல். குப்பத்து ஃபைபர் படகுகள் கழியில் கட்டிக் கிடக்கும். அவற்றின் நிழலில் குஞ்சு மடவைகள் கூட்டமாகத் திரும்பும்போது தண்ணீருக்குள் ஒரு வெள்ளிக்கீற்று ஓடும். எனக்கு அங்கே பொழுது போவதே தெரியாது. ஒரு முறை, மழைக்காலம் முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது, மணலில் அடிமரம் ஒன்று பாதி புதைந்து கிடந்தது. பட்டை முழுக்கப் போயிருந்தது. கொட்டலசுகள் வரிவரியாக ஒட்டியிருந்தன. ஒரு முனை தலை தூக்கியது போல் நிமிர்ந்து, நடுவில் உடம்பு புடைத்து, மறுமுனை தாழ்ந்து கிடந்தது. நத்தத்தனார் சொன்னது சரிதான் என்று அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டேன்.

பக்கத்தில் வலை விரித்து நெத்திலி காயப்போட்டுக் கொண்டிருந்த அம்மாவிடம், இந்தக் கட்டையெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

“எங்கிருந்தோ வருது தம்பி. புயல் அடிச்சா நெறைய வரும். யாரு மொதல்ல பாத்து மேல இழுத்துப் போடறாங்களோ அவங்களுக்கு.”

“இது யாருக்கு?”

“அது பெரிசு. நாலு பேரு வரணும். நீ வெயில்ல நிக்காத, அப்படி கொட்டாயில குந்து.”

சொல்லிவிட்டு மீனைப் புரட்டப் போய்விட்டார். நான் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு பாட்டை நினைத்துப் பார்த்தேன். பரிசில் பெற்று வரும் பாணன், எதிர்ப்படும் இன்னொரு பாணனிடம், நல்லியக்கோடனின் நாட்டில் எந்த வழியாகப் போனால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறான். நெய்தல் வழியில் தாழையும் செருந்தியும் கழிமுள்ளியும் புன்னையும் பூத்திருக்கும். மதிலின் பெயரைக் கொண்ட பட்டினம் வரும். அங்கே ஒட்டகம் போன்ற அந்த மரங்களை விறகாக்கி எரிப்பார்கள். நுளைமகள் வடித்த பழைய தேறலைப் பரதவர் உங்களைக் குடிக்க வைப்பார்கள். குழல் மீனைச் சுட்டு வீடு வீடாகத் தருவார்கள். 269 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் அரண்மனை விருந்து பிற்பாடுதான் வருகிறது. அதற்கு முன்பே கடலோடிகளின் வாசலில் சோர்வு தீர்ந்துவிடுகிறது.

விறகைப் பற்றி உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு செய்தி சொல்கிறார்: அது அகில். மணக்கும் மரம் என்று பாட்டு சொல்வதை அவர் அப்படிக் கொள்கிறார். இதில் ஒரு சுவையான சிக்கல் இருக்கிறது. நல்ல அகில், அதாவது நோய்ப்பட்டுப் பிசின் ஊறிக் கறுத்த வைரம், தண்ணீரில் மூழ்கிவிடும். மூழ்குவதுதான் அதன் தரத்துக்கு அடையாளம். கரைக்கு மிதந்து வந்தது என்றால் பிசின் அதிகம் ஏறாத மரமாக இருந்திருக்க வேண்டும். வெள்ளம் மலையில் பெயர்த்து, ஆறு கடலில் தள்ளி, நீரோட்டம் இழுத்து வந்ததாக இருக்கலாம். உடைந்த கப்பலின் சரக்காகவும் இருக்கலாம். வன்னி, தெண்டி என்று நீரோட்டங்களுக்கே பெயர் வைத்திருக்கும் கடற்கரை இது. வங்கக் கடலின் கரையோர நீரோட்டம் பருவத்துக்குப் பருவம் திசை மாறுவது. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே ஓடுவது, கோடை தொடங்கும்போது வடக்கே திரும்பும். ஆகவே மரம் எந்தத் திக்கிலிருந்தும் வந்திருக்க முடியும். ஊரார் அதன் விலையைப் பற்றிக் கவலைப்படாமல் அடுப்பில் வைத்தார்கள் என்பதுதான் புலவர் காட்ட விரும்பிய செல்வம்.

ஒட்டகத்துக்கு வருகிறேன். தமிழுக்கு அது அந்நிய விலங்கு அல்ல. தொல்காப்பிய மரபியல் அதன் குட்டியை எப்படிச் சொல்வது என்று விதி வகுக்கிறது. அகநானூற்றில் ஒரு பாட்டில் பசித்த ஒட்டகம் வறண்ட காட்டில் வெள்ளெலும்பைத் தின்கிறது. ஆனால் நத்தத்தனாரின் ஒட்டகம் கேள்விப்பட்டதாகத் தெரியவில்லை, கண்ணால் கண்டதாகத் தெரிகிறது. நின்றால் எவ்வளவு உயரம், படுத்தால் எப்படி மடியும் என்று இரண்டையும் அறிந்தவர் சொன்ன உவமை அது. எங்கே பார்த்திருப்பார்? பாட்டில் மதிலின் பெயரைக் கொண்ட அந்தப் பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று பலர் கருதுகிறார்கள். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் இந்தக் கரையில் சொல்லும் சோபட்மா என்ற துறைமுகத்தையும் மரக்காணத்தோடு பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. கொஞ்சம் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மது ஜாடிகள் உடைந்து கிடந்தன. இத்தனை நாட்டார் வந்துபோன கரையில், வணிகச் சாத்து ஒன்றின் ஒட்டகங்கள் ஒரு மாலை உப்பங்கழி ஓரம் படுத்து அசை போட்டதை ஓர் இளம் புலவர் நின்று பார்த்திருக்கிறார் என்று நான் நம்புகிறேன். சான்று கேட்டால் அந்த உவமைதான் என் சான்று.

மரக்காணம் என்றதும் உப்பு. சாலையின் ஓரத்தில் பாத்தி பாத்தியாக வெள்ளை. பெத்தகஞ்சத்தில் தொடங்கிய பக்கிங்காம் கால்வாய் இங்கே வந்து முடிகிறது. உப்புப் பலகையால் வாரி இழுக்கும்போது எழும் சரசரப்பு சாலை வரை கேட்கும். வெயில் உறைக்க உறைக்கத்தான் உப்பு விளையும், அதனால் அளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு நிழல் என்பதே இல்லை. இதே சிறுபாணாற்றுப்படையில்தான் தமிழின் மிகக் கொடிய வறுமைக் காட்சியும் இருக்கிறது. கூரை இற்று விழும் அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. அங்கே ஈன்ற நாய் குட்டிகளுக்குப் பால் கொடுக்க மாட்டாமல் குரைக்கிறது. கிணைப்பறை கொட்டும் குடியைச் சேர்ந்த பெண் ஒருத்தி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வேகவைக்கிறாள். அதில் உப்பில்லை. பிறர் பார்த்துவிடுவார்களோ என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். எத்தனையோ முறை படித்த பகுதி. உப்பளத்தின் ஓரத்தில் நின்ற பிறகுதான் அதன் கூர்மை எனக்கு உறைத்தது. வறுமையின் ஆழத்தைச் சொல்ல, அரிசி இல்லை, நெய் இல்லை என்று அவர் தொடங்கவில்லை. உப்பு குவிந்து கிடக்கும் கழிநாட்டில் பிறந்தவர் உப்பில்லை என்கிறார். ஒருவருக்கு அதுகூட இல்லாமல் போகும் என்பதை நினைத்து அவர் பதறியிருக்க வேண்டும். உ.வே.சா. 1889இல் சிறுபாணாற்றுப்படை அடங்கிய பத்துப்பாட்டைப் பதிப்பிக்காமல் இருந்திருந்தால், இந்தக் கீரையும் அந்த ஒட்டகமும் என்னைப் போன்றவர்களின் கைக்கு எட்டியிருக்காது.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடற்கரை ஏறக்குறைய முழுவதும் மதில்களுக்குள் போய்விட்டது. சாலையிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது, விடுதிகளின் பெயர்ப்பலகைகள்தான் தெரியும். அந்த நீட்சி தெற்கே வந்துகொண்டிருக்கிறது. ஊர்ப்புறக் கடற்கரையில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டடம் கூடாது என்றிருந்தது, மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதிகளில் 50 மீட்டராகக் குறைந்துவிட்டது, 2019ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையால். அந்த வெற்று மணலைச் சும்மா கிடக்கும் இடம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் விடியலில் போய்ப் பார்க்க வேண்டும். வலை உலர்த்துவது அங்கேதான், படகு ஏற்றுவதும் ஏலம் நடப்பதும் நெத்திலி காய்வதும் அங்கேதான். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு இந்தக் குப்பங்கள் மறுபடி எழுந்து நிற்கின்றன. 2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியபோதும் தாங்கின. புயலுக்குத் தாங்கிய ஊர் மதிலுக்குத் தாங்குமா என்பது எனக்குத் தீராத கவலை.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மாமல்லபுரத்தில் வண்டியைத் திருப்பாதீர்கள், கடப்பாக்கம் வரை வாருங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள். ஆலம்பரை மதிலில் ஏறாதீர்கள், அது உதிர்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள். மணலில் காயும் வலையை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். கருவாடு விற்கும் அம்மா சொல்லும் விலையைக் கொடுத்து வாங்குங்கள். உட்காரச் சொன்னால் கொட்டகையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.