இரண்டு நிமிடம் மூன்று விநாடி

கடந்த தவணையில் எங்கள் கழகம் நடத்திய சொற்போரில் எனக்குக் கிடைத்த தலைப்பு, ‘பெண்களுக்கான விளையாட்டுப் போட்டிகளில் திருநங்கைகளை அனுமதிக்க வேண்டும்’ என்பது. சீட்டுக் குலுக்கியதில் எதிரணி எனக்கு வந்தது. மனத்துக்குள் மகிழ்ச்சிதான். பள்ளிக் காலத்தில் நானும் ஓடியவள். எது நியாயமான ஓட்டம், எது அநியாயமான ஓட்டம் என்று எனக்கா தெரியாது என்ற நினைப்பு.

இரண்டு இரவுகள் விடுதி அறையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். எண்கள் எல்லாம் என் பக்கமே நின்றன. நான் ஓடிய 800 மீட்டரையே எடுத்துக்கொண்டேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கென்யாவின் டேவிட் ருடிஷா அதை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். பெண்களில் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராட்டோச்விலோவா 1983-இல் ஓடிய நேரம் 1 நிமிடம் 53.28 விநாடி. இருவரையும் ஒரே திடலில் ஓடவிட்டால், ருடிஷா முடிவுக்கோட்டைத் தொடும்போது கிராட்டோச்விலோவாவுக்கு இன்னும் எண்பது மீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும். அவரோ சாதாரணப் பெண் அல்லர். ஒரு காலத்தில் உலகிலேயே வேகமானவர்.

இந்த இடைவெளி பிறக்கும்போதே வருவதில்லை. தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது மூன்றாம் ஆண்டு வரை எங்கள் வகுப்புப் பையன்களை நான் ஓட்டத்தில் தோற்கடித்திருக்கிறேன். பருவ வயதில் டெஸ்டோஸ்டீரோன் சுரந்த பிறகுதான் அவர்களுக்கு எலும்பு நீள்கிறது, இதயமும் நுரையீரலும் பெரிதாகின்றன, இரத்தத்தில் ஹீமோகுளோபின் கூடுகிறது. பெண்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருப்பதற்கே இதுதான் காரணம். பின்னாளில் மருந்து உண்டு அந்த ஹார்மோனைக் குறைத்தால் ஹீமோகுளோபின் சில மாதங்களிலேயே இறங்கிவிடும். நீண்ட எலும்பு குறுகாது. அமெரிக்க விமானப் படையில் பணியாற்றிய திருநங்கைகளைப் பற்றி 2020-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இரண்டு ஆண்டு சிகிச்சைக்குப் பிறகும் ஒன்றரை மைல் ஓட்டத்தில் அவர்கள் மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 12 விழுக்காடு வேகமாக ஓடினார்கள் என்று சொல்கிறது. அதே ஆய்வில், தரையில் கையூன்றி எழும் பயிற்சியில் அவர்களுக்கு இருந்த கூடுதல் பலம் மறைந்துபோனது என்றும் இருக்கிறது. அந்தப் பாதியை நான் மேடையில் சொல்லவில்லை. சொற்போர் பழகியவர்களுக்கு இது புரியும்.

எதிரில் இருந்த தோழி நன்றாகவே பேசினாள். 2021-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் பளுதூக்கிய நியூசிலாந்துத் திருநங்கை லோரல் ஹப்பார்ட், 43 வயதில் வந்து மூன்று முயற்சியிலும் தோற்றதைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினாள். நான் 2022 மார்ச்சில் லியா தாமஸ் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கான நீச்சலில் 500 யார்டு போட்டியை வென்றதைச் சொன்னேன். அதற்கு முன்பு ஆண்கள் அணியில் நீந்தியவர் அவர். அதே ஆண்டு ஜூனில் உலக நீச்சல் சம்மேளனமும், 2023 மார்ச்சில் உலகத் தடகள அமைப்பும், ஆண் பருவ வளர்ச்சி கண்ட திருநங்கைகளைப் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கியதைச் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

தமிழ்மொழிக் கழகத்துச் சொற்போர் ஆயிற்றே, தமிழர் சான்று ஒன்றாவது வேண்டுமென்று சாந்தி சௌந்தரராஜனையும் இழுத்தேன். “2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த சாந்தியின் வெள்ளிப் பதக்கம் பறிக்கப்பட்டது. நம்மவர் என்பதற்காக விதி வளையவில்லை” என்று கையை உயர்த்தி முழங்கினேன். கேள்வி நேரத்தில் முதலாம் ஆண்டுத் தங்கை ஒருத்தி எழுந்தாள். “அக்கா, சாந்தி திருநங்கை இல்லையே? அவங்க பிறந்ததிலிருந்தே பொண்ணாத்தானே வளர்ந்தாங்க?” என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதோ குழறினேன். நல்லவேளையாக மணி அடித்தது. அன்று எங்கள் அணிதான் வென்றது.

அந்தக் கேள்வி வெற்றியைவிட நீண்ட நாள் என்னோடு இருந்தது. சாந்தியைப் பற்றி முறையாகப் படித்தது அதற்குப் பிறகுதான். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி அவர் ஊர். பெற்றோர் செங்கல் சூளைக் கூலிகள், தலித் குடும்பம். அங்கிருந்து 2005-இல் இன்சியோன் ஆசியத் தடகளப் போட்டியில் வெள்ளி வரை வந்துவிட்டார். மறு ஆண்டு டிசம்பரில் தோஹா. 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்தார். கசகஸ்தான் வீராங்கனையை முந்தியது ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் அதில் மூன்று பங்கால். கடைசி இருபது மீட்டரில் நெஞ்சை முன்னே தள்ளி ஓடியவர்களுக்குத்தான் அந்த மூன்று பங்கின் விலை தெரியும்.

பிறகு பரிசோதனை. அது என்ன பரிசோதனை என்று தமக்கு யாரும் விளக்கவில்லை என்று அவர் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். முடிவு அவரிடம் மூடிய அறையில் பக்குவமாகச் சொல்லப்பட வேண்டியது. ஆனால் உலகச் செய்தியாகிவிட்டது. தமிழ்நாட்டு அரசு அப்போது 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது, பதக்கம் திரும்பவில்லை. 2007-இல் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டார். 2012-இல் தினக்கூலிக்காகச் செங்கல் சூளையில் நின்றார். ஆசியாவின் இரண்டாவது வேகமான பெண், தாய் தகப்பன் நின்ற அதே சூளையில்! பயிற்றுநர் பணி நிரந்தரமாகக் கிடைத்தது 2016-இல்தான்.

அவருக்கு இருப்பதாகச் செய்திகள் சொன்னது, ஆண் ஹார்மோனுக்கு உடல் இணங்காத ஓர் இயற்கை நிலை. குரோமோசோமைப் பார்த்தால் ஆணுக்குரியது. உடலின் செல்களோ அந்த ஹார்மோனை ஏற்பதில்லை. முழுமையாக ஏற்காத நிலையில், பிறக்கும் குழந்தை பெண்ணாகவே பிறக்கும், பெண்ணாகவே வளரும். பரிசோதனை வரும்வரை அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். நான் இரண்டு இரவு படித்து வாதிட்ட காரணம் என்ன? டெஸ்டோஸ்டீரோன் தரும் பலம். அந்தப் பலத்தை ஏற்க இணங்காத உடலைச் சொல்லி அதே வாதத்துக்குச் சான்று கேட்டிருக்கிறேன். தமிழில் திருநங்கை என்று ஒரு சொல் இருக்கிறது, இடைப்பாலினர் என்று வேறொரு சொல் இருக்கிறது. இரண்டு சொல் இருப்பது இரண்டும் வேறு என்பதால்தான். தமிழ் படிக்கும் மாணவி இதில் சறுக்கியது எனக்கு வெட்கம்.

நம்மைப் போன்ற பல்கலைக்கழக மாணவர்கள் ஓடும் போட்டியிலும் இது நடந்திருக்கிறது. 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டு நடந்தது. ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினேஸ் பத்தீன்யோ, முன்பு வாங்கிய பெண்பாற் சான்றிதழை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டார். மறுபடி சோதித்ததில் குரோமோசோம் மாறியிருந்தது. காலில் அடிபட்டதாக நடிக்கும்படி சொன்னார்கள், அவரும் நடித்தார். அடுத்த ஆண்டு தேசியப் போட்டியில் மறுபடியும் நடிக்கச் சொன்னபோது மறுத்து ஓடி வென்றார். விஷயம் பத்திரிகைக்குப் போனது. உதவித்தொகை போனது, தங்கியிருந்த விடுதி போனது, நிச்சயித்தவரும் போய்விட்டார். அவருடைய உடலும் அந்த ஹார்மோனுக்கு இணங்காததுதான். 1988-இல் தகுதி திரும்பக் கிடைத்தது. இழந்த மூன்றாண்டு வேகம் யாரிடம் போய்க் கேட்பது?

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவள் வேறொருத்தி.

2018. நான் மூன்றாம் படிவம். மாவட்ட அளவிலான போட்டியில் 15 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான 800 மீட்டர். வேறு பள்ளிக்காக ஓடிய ஒரு தோட்டத்துப் பிள்ளை முதலில் வந்தாள். ஒட்ட வெட்டிய முடி, மேலுதட்டில் பூனைமுடி, கரகரத்த குரல். நான் நான்காவது. பதக்கம் இல்லாமல் புல்லில் உட்கார்ந்திருந்த எங்கள் கூட்டத்தில் ஒருத்தி, “அது பொம்பளப் புள்ளதானா?” என்றாள். சிரித்தோம். சிரிப்போடு விட்டிருந்தால் பரவாயில்லை. நான் எழுந்து போய் எங்கள் ஆசிரியரிடம், “சிக்கு, அந்தப் பிள்ளை பையன் மாதிரி இருக்கா, செக் பண்ணச் சொல்லுங்க” என்று சொன்னேன். சொன்னது நான்தான். இத்தனை நாள் ‘நாங்கள் சொன்னோம்’ என்றே நினைவில் வைத்திருந்தேன்.

ஆசிரியர் அதிகாரிகளின் கூடாரத்துக்குப் போனார். சற்று நேரத்தில் ஓர் ஆசிரியை அந்தப் பிள்ளையைக் கழிப்பறைப் பக்கம் அழைத்துப் போவதைப் பார்த்தோம். உள்ளே என்ன கேட்டார்கள், என்ன பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தவள் யாரையும் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு சுடுகிற தாரில் பேருந்துக்கு நடந்தாள். முதல் பரிசை யாரும் அவளிடமிருந்து பறிக்கவில்லை. மறுநாள் 1500 மீட்டருக்கு அவள் வரவில்லை. பெயரை இரண்டு முறை ஒலிபெருக்கியில் கூப்பிட்டுவிட்டு, துப்பாக்கியைச் சுட்டார்கள்.

அவள் 800 மீட்டரை ஓடிய நேரம் 2 நிமிடம் 29 விநாடி. நன்றாகப் பயிற்சி செய்த பதினைந்து வயதுப் பெண் ஓடக்கூடிய நேரம்தான் அது. அவள் வேகத்தால் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. அவள் முகத்தால் வந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டு, சொற்போரில் நான் எடுத்த நிலையை மாற்றிக்கொண்டேனா என்றால், இல்லை. உலக அளவில் பதக்கத்துக்கும் ஒலிம்பிக் இடத்துக்கும் ஓடும் பெண்கள் பிரிவில், ஆண் பருவ வளர்ச்சி கண்டவர்களை விலக்குவது சரி என்றே இன்றும் கருதுகிறேன். இதனால் திருநங்கைகள் ஓட இடமில்லாமல் நிற்கிறார்களே என்று தோழி கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை, இப்போதும் இல்லை. திறந்த பிரிவு வைக்கலாம் என்று சொல்வது வாய்க்குச் சுலபம். ஆளில்லாத பிரிவில் யாரோடு ஓடுவது? ஆனாலும் கோடு வேண்டும். கோடு இல்லையென்றால் முதலில் காணாமல் போவது என்னைப் போல் நான்காவதாக வருபவள் அல்லள், சாந்தியைப் போல் மூன்று பங்கு விநாடியில் வெல்பவள்.

என் சண்டை கோட்டைக் காப்பவர்கள் கையாளும் முறையோடு. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் 3,387 வீராங்கனைகளைச் சோதித்ததில் எட்டுப் பேருடைய முடிவு மாறி வந்தது. எட்டுப் பேரையும் விசாரித்து ஓடவே விட்டார்கள். அங்கே அது அமைதியாக முடிய முடிந்திருக்கிறது. பத்து ஆண்டு கழித்துக் கத்தக்குறிச்சிப் பெண்ணுக்கு ஏன் முடியவில்லை? உலகத் தடகள அமைப்பு 2025 செப்டம்பரிலிருந்து பெண்கள் பிரிவில் ஓடுபவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை கொண்டுவந்தது. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுப்பதே போதும். ஹார்மோனுக்கு முழுமையாக இணங்காத உடல் கொண்டவர்களுக்கு அந்த விதியில் விலக்கும் உண்டு. தோற்றத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பஞ்சின் முடிவை யார், எந்த மொழியில், யாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் சொல்வார்கள்? விதியின் மற்ற வரிகளை எழுதியவர்கள் இந்த வரியையும் அதே அக்கறையோடு எழுதியிருக்க வேண்டும். பள்ளித் திடலில் இந்தச் சோதனைக்கு வேலையே இல்லை. நான்காவதாக வந்த பிள்ளையின் பேச்சைக் கேட்டுக் கூடாரத்துக்குப் போவதற்கு அதைவிட இல்லை.

கேள்வி கேட்ட தங்கையைச் சில வாரங்களுக்குப் பிறகு உணவகத்தில் பார்த்துத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். “பரவால்லக்கா, நீங்கதானே ஜெயிச்சீங்க” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது அம்மா கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் பதக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சேலைத் தலைப்பால் தேய்த்து வைத்தார். நாடா வெளுத்துப்போன வெண்கலம் ஒன்று. “இது எதுக்கு வாங்கினது?” என்று கேட்டார்.

“1500 மீட்டர்மா. மூனாவது” என்றேன்.

“மூனாவதா? கெட்டிக்காரி” என்று சொல்லி அதை முன் வரிசையில் மாட்டினார். நான் அதை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது விடுதி மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அந்தத் தோட்டத்தின் பெயர் மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் பெயர், ஒலிபெருக்கியில் இரண்டு முறை கேட்டும், ஞாபகம் வரவில்லை.