இல்லாமை தெரியும் இடம்

கும்பகோணத்தில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் நானும் பதினோரு ஆண்டுகள் நண்பர்கள். நேரில் சந்தித்தது இரண்டே முறை. மற்றபடி எங்கள் உறவு முழுவதும் ஒரு பெரிய சமூக வலைத்தளத்திலேயே நிகழ்ந்தது. நான் ஏதேனும் ஒரு நாவலைப் பற்றி எழுதினால் மறுநாள் காலை அதன் கீழே நான்கு வரிகள் எழுதியிருப்பார். ஒரு வரி பாராட்டு. மீதி மூன்றும் திருத்தம். 'தம்பி, இங்கே ஒற்று மிகாது' என்று தொடங்கி, நான் கவனியாமல் விட்ட ஏதோவொரு சிறு பாத்திரத்தின் துயரத்தில் வந்து முடிப்பார்.

2023 தை மாதம் அவர் மறைந்தார். அவருடைய மகன் அதே தளத்தில் அச்செய்தியை எழுதியிருந்தார். நான் அறிந்தது பங்குனியில், வேறொருவர் தற்செயலாகச் சொல்லி. இடைப்பட்ட நாட்களில் அத்தளம் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது இரண்டு எழுத்தாளர்களின் சண்டையை. யார் யாரை என்ன சொன்னார்கள் என்பது இன்றும் எனக்கு மனப்பாடம்.

இத்தகைய தளங்கள் பெரும்பாலும் எழுதப்பட்ட வரிசையில் பதிவுகளைக் காட்டுவதில்லை. நாம் எதன்மேல் நின்றோம், எதற்கு விருப்பக்குறி இட்டோம் என்று கணக்கிட்டு, அடுத்து எது நம்மைப் பிடித்துவைக்குமோ அதை முன்னே தள்ளுகின்றன. அமைதியான ஒரு முதியவரின் மரணம் அந்தக் கணக்கில் பின்தங்கிவிடும். ஆனால் பொறியைக் குறைசொல்லித் தப்பிக்க என்னால் இயலவில்லை. கார்த்திகையிலிருந்தே அவர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். என் பதிவுகளின் கீழே அந்த நான்கு வரிகள் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. இருநூறு விருப்பக்குறிகளுக்கு நடுவில் ஒருவருடைய இல்லாமை தெரியாமற்போவதற்கு நானும் பழகியிருந்தேன். அதுதான் என்னை உறுத்தியது.

கணக்கை மூடத் தீர்மானித்தேன். அதற்கு முன் அவர் எழுதிய வரிகளையெல்லாம் தேடியெடுத்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் கையாலேயே எழுதிக்கொண்டேன். மூன்று மாலைகள் ஆயின.

2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலர் கொடுத்து ட்விட்டரை வாங்கியபோது பலர் மாஸ்டடானுக்குப் பெயர்ந்தார்கள். நான் வந்தது வேறு தளத்திலிருந்து, வேறு காரணத்துக்காக. எனினும் சேர்ந்த இடம் அதுவே. 2016இல் ஜெர்மனியில் ஆய்கன் ரோக்கோ என்ற இளைஞர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அது. மையமென்று ஒன்று கிடையாது. யார் வேண்டுமானாலும் தம் வழங்கியில் அதை நிறுவி ஒரு சிற்றூரை உண்டாக்கிக்கொள்ளலாம். ஓரூரார் மற்றோரூராருடன் பேசலாம். பதிவுகள் கால வரிசையில் வரும்; விளம்பரங்கள் இல்லை. நம் பெயரோடு நாம் குடியிருக்கும் வழங்கியின் பெயரும் சேர்ந்தே வழங்கும். ஒக்கூர் மாசாத்தியார், கோவூர் கிழார், ஆலங்குடி வங்கனார் என்று ஊரோடு சேர்த்தே புலவர்களை அறிந்த நமக்கு இது புதிதன்று.

எங்கள் சிற்றூரில் நாற்பது பேர் இருக்கிறோம். பொறியாளர் ஒருவர் இரவில் விழித்திருந்து வழங்கியைப் பராமரிக்கிறார், செலவைப் பகிர்ந்துகொள்கிறோம். இதைச் சொர்க்கமென்று எண்ணிவிட வேண்டாம். இங்கு ஒருவரோடு பிணங்கினால் மறுநாளும் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். நான் மிகுந்த உழைப்புடன் எழுதிய ஒரு கட்டுரையை எட்டுப் பேர் படித்தார்கள். பெரிய தளத்தில் இன்னும் இருக்கும் நல்ல கவிஞர்கள் சிலரை இழந்துவிட்டேன். அவர்கள் என்னைத் தேடி வரவில்லை, வரவேண்டிய அவசியமுமில்லை. அந்தப் பொறியாளர் களைத்துப்போனால் எங்கள் ஊர் ஒரே நாளில் இருண்டுவிடலாம். வேறு வழங்கிக்குக் குடிபெயர்ந்தால் பின்தொடர்வோர் உடன் வருவார்கள், எழுதியவை வரா. ஆயினும் பெரியவை மட்டும் நிலைத்தனவா? ஆர்க்குட் 2014இலும் கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன.

சென்ற ஆண்டு காய்ச்சலில் ஐந்து நாட்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஆறாம் நாள் திறந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: 'அண்ணா, நாலைஞ்சு நாளாக் காணேல்லை. சுகமா இருக்கிறியளோ?' எத்தனையோ பேர் என் எழுத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். நான் எழுதாததை ஒருவர் கவனித்தது அதுவே முதல்முறை. அந்த ஆசிரியருக்கு நான் செய்யத் தவறியது இவ்வளவு சிறிய செயல்தானா என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது காலையில் திறந்ததும் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகு, யார் எழுதவில்லை என்றும் பார்க்கிறேன். நாற்பது பேர் என்பதால் அது முடிகிறது. போன வாரம் ஒரு நண்பரைப் பத்து நாட்களாகக் காணாமல் பதறிப்போய் விசாரித்தேன். 'ஒன்றுமில்லை சார், ஒரு பெரிய நாவலில் மாட்டிக்கொண்டேன்' என்று பதில் வந்தது. மகிழ்ச்சியாக இருந்தது.