பத்து காஜாவில் ஒரு வீட்டுக் குளம்

பேராக் மாநிலத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், ஈப்போவின் குகைக் கோயில்களைச் சொல்வார்கள். தைப்பிங் பூங்காவைச் சொல்வார்கள். போன பள்ளி விடுமுறையில் நான் பார்த்து வந்த இடமோ எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் இல்லாதது. பத்து காஜாவில் என் பெரியம்மா மகன் அண்ணனும் அண்ணியும் தங்கள் வீட்டுக்குப் பின்னால் தாங்களே கட்டிய நீச்சல் குளம்தான் அது.

“வேலை ஓய்வு பெற்ற காலத்தில் இது தேவையா? சேமநிதிப் பணத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டார்களே!” என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போய், அங்கே மின்சார ரயிலில் ஏறினோம். நானும் எட்டு வயதுப் பேரனும்தான். தஞ்சோங் மாலிம் தாண்டிக் கம்பாரை நெருங்கும்போது, ஒரு பக்கம் சுண்ணாம்புக்கல் மலைகள். மறு பக்கம் வெயிலில் பளபளக்கும் நீர்நிலைகள். “பாட்டி, எத்தனை ஏரி!” என்று பேரன் எண்ணத் தொடங்கிவிட்டான். அவை ஏரிகள் அல்ல, ஈயக்குட்டைகள் என்று நான் சொன்னது அவன் காதில் விழவில்லை.

ரயில் நிலையத்துக்கு அண்ணன் தமது பழைய காருடன் வந்திருந்தார். “வீட்டுக்குப் போகுமுன் ஊரைப் பார்த்துவிடுவோம், தங்கச்சி” என்று முதலில் தஞ்சோங் துவாலாங் சாலையில் காரை விட்டார். அங்கேதான் அந்தப் பெரிய ஈயக் கப்பல் நிற்கிறது. 1938ஆம் ஆண்டில் கட்டியது. 4,500 டன் எடை. வாளிகளைக் கோத்த சங்கிலியால் குட்டையின் அடிமண்ணை அள்ளி, வயிற்றுக்குள்ளே கழுவி, ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் கொட்டிக்கொண்டே நகருமாம். 1982இல் அதன் வேலை நின்றது. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும், கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆட்கள் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். தோண்டிய குழிகள் இங்கேயே தங்கிவிட்டன.

அங்கிருந்து திரும்பி, கோப்பேங் சாலையில் கெல்லி துரையின் மாளிகையையும் பார்த்தோம். ஸ்காட்லாந்திலிருந்து வந்து தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித், 1915இல் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைக் கொண்டு அதைப் பெரிதாகக் கட்டத் தொடங்கினார். 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்துபோக, மாளிகை முடியாமலே நின்றது. அருகிலுள்ள மாரியம்மன் கோயிலின் மேலே, சாமி சிலைகளுக்கிடையே துரைக்கும் ஒரு சிலை இருப்பதைப் பேரனுக்குக் காட்டினேன்.

வீட்டு வாசலில் அண்ணி காத்திருந்தார். “துரை மாளிகையைப் பார்த்தாச்சா? அவரால முடிக்க முடியல. நாங்க ரெண்டு கிழடுகளும் முடிச்சிட்டோம், வாம்மா!” என்று சிரித்தபடி நேரே பின்பக்கம் அழைத்துப் போனார்.

முதலில் கண்ணில் பட்டது குளம் அல்ல. இடுப்புயர இரும்பு வேலியின் கதவருகே, மஞ்சள் நைலான் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒரு காலி எண்ணெய்ப் போத்தல். ஐந்து கிலோ சமையல் எண்ணெய் வாங்குவோமே, அந்தப் போத்தல்தான். அது எதற்கு என்று கேட்க நினைத்தேன், அதற்குள் பேரன், “தண்ணி நீலமா இருக்கு!” என்று கூவிவிட்டான்.

குளம் பெரியதல்ல. நீளம் 6 மீட்டர், அகலம் 3 மீட்டர். ஒரு முனையில் 80 சென்டிமீட்டர் ஆழம், மறு முனையில் 120. தரைக்கு மேலே இரண்டடி உயரத்துக்குச் சுவர் எழும்பி, பாதி குளமாகவும் பாதி தொட்டியாகவும் இருந்தது. அப்படிக் கட்டியதற்குக் காரணம் உண்டு.

2019இல் நகராண்மை அலுவலகத்தில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகு, சிறிய இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து மண்ணைத் தோண்டினார்கள். நாலடி இறங்குவதற்குள் கீழிருந்து தண்ணீர் ஊறத் தொடங்கிவிட்டது. வரைபடம் போட்டுக் கொடுத்த பொறியாளர் வந்து பார்த்து, “இன்னும் ஆழம் போகாதீர்கள். நிலத்தடி நீர் இவ்வளவு மேலே இருக்கும் இடத்தில், குளத்தைக் காலி செய்யும் ஒரு நாளில் கீழ்த்தண்ணீர் அதைப் படகு மாதிரி தூக்கிவிடும்” என்றாராம். சிமெண்டுக் குளம் மிதக்குமா என்று எனக்கு வியப்பு. நிறைந்திருக்கும்போது உள்ளே 18 டன் தண்ணீர் அதை அழுத்திப் பிடிக்கிறது. காலியானால் பிடிமானம் போய்விடுகிறது என்று அண்ணன் விளக்கினார். ஆகவே கீழே ஜல்லிக்கல் பரப்பி, ஆழத்தைக் குறைத்து, சுவரை மேலே ஏற்றினார்கள்.

அண்ணன் முப்பது ஆண்டுகள் பட்டறையில் வேலை பார்த்தவர். கம்பி வளைப்பதும் கட்டுவதும் அவர் கை. கணக்கு அண்ணி கை; தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர் அல்லவா? ஒவ்வொரு மூட்டை சிமெண்டும் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது.

கம்பி கட்டத் தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 18ஆம் தேதி நாடு முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. இரும்புக் கடை மூடிவிட்டது. குழியில் மழைத் தண்ணீர் நின்றது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அதில் கொசுப் புழுக்கள்! டிங்கிக் காய்ச்சலுக்கு இடம் கொடுத்தால் அண்டை வீட்டுக்கும் ஆபத்து, அபராதமும் உண்டு. இருவரும் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். மழை பெய்த மறுநாளெல்லாம் குழியை இறைப்பதே வேலை. “வயசான காலத்துல லம்பத்து வேலை பாக்குறோம்னு பக்கத்து வீட்டு ஆச்சி சிரிச்சாங்க” என்றார் அண்ணி.

2021இல் வேலை முடிந்து தண்ணீர் நிரப்பினார்கள். நிரப்பிய மூன்றாம் நாளே நீர்மட்டம் இறங்கியது. வெயிலில் வற்றுகிறதா, எங்காவது ஒழுகுகிறதா? அண்ணி ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் படியில் வைத்தார். வாளியிலும் குளத்திலும் கோடு போட்டார். மறுநாள் வாளியில் 5 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. குளத்திலோ 22 மில்லிமீட்டர். இரண்டுக்கும் ஒரே வெயில்தானே? ஆக, 17 மில்லிமீட்டர் ஒழுகல். நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 லிட்டர்! கேசரிப் பவுடரைத் தண்ணீரில் கரைத்துச் சுவரோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டபோது, குழாய் நுழையும் இடத்தில் அந்தச் சிவப்பு நூல் போல உள்ளே இழுபட்டதாம். அங்கே பூசி அடைத்ததும் ஒழுகல் நின்றது. சமையலறைப் பொருளைக் கொண்டு அண்ணி கண்டுபிடித்த சாமர்த்தியத்தை அண்ணன் எத்தனை தரம் சொன்னாரோ!

மாலை வெயில் தாழ்ந்ததும் அண்ணன் எங்களை வெளியே அழைத்துப் போனார். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் லயங்கள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை. அதைத் தாண்டினால் அந்த ஈயக்குட்டை. நான் அங்கே போய் ஐம்பது ஆண்டுகளாகின்றன. தாமரை பூத்து, கொக்குகள் நின்று, பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேரன் கரையை நோக்கி ஓடினான். அண்ணன் போட்ட சத்தத்தில் நானே நடுங்கிப்போனேன்.

வாசகர்களே, இந்தக் குட்டைகளை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கரையெல்லாம் பொடி மணல். கால் வைத்தால் சரியும். இரண்டடி வரை தரை தென்படும், அடுத்த அடியில் இருக்காது. கீழே சேறு. குளிக்க அழைப்பது போலவே தண்ணீர் அமைதியாகக் கிடக்கும்.

1974ஆம் ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துத் துரைமார் கிளப்பில் நீச்சல் குளம் இருந்தது. எங்கள் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அவர்களுக்குக் குட்டைதான். ஒரு பையன் கரை சரிந்து விழுந்தான். சின்ன அண்ணன் அவனைப் பிடிக்கக் குதித்தார். அந்தப் பையன் எப்படியோ புல்லைப் பற்றிக் கரையேறிவிட்டான். சின்ன அண்ணன் ஏறவில்லை. அவருக்கு வயது 11. எனக்கு 9; வீட்டில் பெரியம்மா அழுத அழுகை மட்டும் நினைவிருக்கிறது.

“நான் கரையில நின்னேன், தங்கச்சி. எனக்குப் பதினஞ்சு வயசு. நீந்தத் தெரியாது. ஒரு கம்பை நீட்டியிருந்தா போதும். அது யாருக்கும் தோணல. யாரும் சொல்லிக் கொடுக்கல” என்றார் அண்ணன். இத்தனை ஆண்டுகளில் அவர் இதைப் பேசி நான் கேட்டது அதுவே முதல் தடவை. திரும்பும் வழியில் யாரும் பேசவில்லை. சேமநிதிப் பணம் எங்கே போனது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கே தெருப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். தமிழ், மலாய், சீனம் என்று மூன்று மொழியிலும் சத்தம். உயிர்காப்புப் பயிற்சி பெற்ற ஒரு தம்பி ஈப்போவிலிருந்து வந்து கற்றுக்கொடுக்கிறார். அண்ணியும் 58 வயதில் பொதுக் குளத்தில் நீச்சல் பழகியவர். ஒரே நேரத்தில் நான்கு பிள்ளைகளுக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பிள்ளையோடு வந்த பெரியவர் கைத்தொலைபேசியைப் பையில் வைத்துவிட்டுக் குளத்தோரம் உட்கார வேண்டும். பாடம் முடிந்தால் கதவுக்குப் பூட்டு. வேலியோரம் ஏறுவதற்கு வசதியாக நாற்காலியோ பூந்தொட்டியோ இருக்கக் கூடாது. குளோரின் அளவை அண்ணி காலையில் பார்க்கிறார். பெருமழை பெய்தால் மறுபடியும் பார்க்கிறார். பத்து லட்சத்தில் 1 முதல் 3 பங்கு வரை இருக்க வேண்டுமாம்.

முதல் பாடம், மல்லாந்து மிதப்பது. இரண்டாவது பாடத்துக்குத்தான் அந்த எண்ணெய்ப் போத்தல். “கூட்டாளி தண்ணியில விழுந்துட்டான். என்ன செய்வே?” என்று அண்ணன் கேட்கிறார். “குதிக்க மாட்டேன்! கத்துவேன்! போத்தலை வீசுவேன்!” என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிறார்கள். பிறகு ஒவ்வொருவராகப் போத்தலை வீசிப் பழகுகிறார்கள். என் பேரனின் முதல் வீச்சு வேலிக்கு வெளியே போனது. நான்காவது வீச்சு சரியாக விழுந்தது.

“நீங்க இறங்க மாட்டீங்களா, அண்ணே?” என்று கேட்டேன். கைப்பிடியைப் பற்றியபடி மூன்றாவது படி வரை இறங்கிக் காட்டினார். தண்ணீர் இடுப்பளவு. “இதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு” என்றார். அண்ணி எங்கோ பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்த ஊரில் ஈயத்துக்காக எத்தனையோ குழிகளைத் தோண்டினார்கள். எனக்குத் தெரிந்து, பிள்ளைகள் பிழைத்திருக்க வேண்டும் என்று தோண்டிய குழி இந்த ஒன்றுதான்.

எல்லாராலும் வீட்டில் குளம் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். ஆனால், பக்கத்துப் பொதுக் குளத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். ஆற்றோரத்துக்கோ கடற்கரைக்கோ குடும்பத்தோடு போகும்போது, மூடி இறுகிய ஒரு காலிப் போத்தலையும் பத்து மீட்டர் கயிற்றையும் காரில் போட்டுக்கொள்ளலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை.

திரும்பும் ரயிலில் பேரன் மறுபடி சன்னலோரம் உட்கார்ந்தான். கம்பார் பக்கம் நீர்நிலைகள் வந்தபோது இந்த முறை அவன் எண்ணவில்லை. “பாட்டி, அதுல அடி தெரியாதுல்ல?” என்று மட்டும் கேட்டான்.

“தெரியாதுடா” என்றேன்.