சால்மனின் இடுப்பளவு

ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் சால்மன் பிடிக்கும் பருவம் அக்டோபர் 15-ம் தேதியோடு முடிந்துவிடும். அந்தக் கடைசி வாரத்தில் கேப்புத் கிராமத்துப் பாலத்துக்குக் கீழே போய் நின்றேன். பிரிட்டனிலேயே அதிகத் தண்ணீர் கொண்டுபோகும் ஆறு இது. அன்று கட்டன் சாயா நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தொடையளவுத் தண்ணீரில் ஒரு பெரியவர் தூண்டிலோடு நின்றார். கரையோரம் கைவலையோடு அவருடைய துணையாள். ஆற்றின் ஒவ்வொரு மடுவும் தெரிந்த இந்த ஆளைக் கில்லி என்கிறார்கள்.

மீன் வலைக்குள் வந்த பிறகு நடப்பதைப் பார்க்கத்தான் நான் போயிருந்தேன். கில்லி வலையைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே இல்லை. கையை நனைத்துக்கொண்டு வாலடியைப் பிடித்தார். சட்டைப்பையிலிருந்து தையல்காரர் டேப் ஒன்று வெளியே வந்தது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 41 அங்குலம். பிறகு டேப்பை வயிற்றுக்கு அடியில் நுழைத்து, முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால் சுற்றினார். மீன் ஒரு உதறு உதறியது. டேப் வழுக்கிக்கொண்டு பின்னால் போய்விட்டது. மறுபடி சுற்றி, இறுக்காமல், தொளதொளவென்றும் விடாமல் படித்தார்: 21.

"இருபத்தொண்ணரை இருக்குமே?" என்றார் பெரியவர்.

"இருபத்தொண்ணுதான் சார்."

ஆண் மீன். கீழ்த்தாடை மேல்நோக்கி வளைந்து, வெள்ளி மினுமினுப்பு போய், உடம்பெல்லாம் செம்பழுப்புத் திட்டுகள். தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்ததும் செவுள் இரண்டும் சீராக விரிந்து மூடின. கில்லி கையைத் தளர்த்தினார். அவ்வளவுதான், போய்விட்டது.

தராசில் போட்டிருந்தால் சண்டையே இல்லையே என்று தோன்றும். ஆனால் இவ்வளவு பெரிய மீனைச் செவுளில் கொக்கி மாட்டியோ வாலைக் கட்டியோ தொங்கவிட்டால், அதன் எடையே அதன் முதுகெலும்பையும் செவுளையும் பதம் பார்த்துவிடும். துணித்தொட்டிலில் கிடத்தி நிறுக்கலாம்தான். அதற்கும் தண்ணீரை விட்டுத் தூக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் தூண்டிலில் பிடித்த சால்மனை விற்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பிடிபடுவதில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இன்று ஆற்றுக்கே திரும்பிப் போகிறது. ஆகவே எடை என்பது இப்போது பெரும்பாலும் கணக்குதான்.

அந்தக் கணக்கு கரையிலிருக்கும் மரக்குடிலில் நடந்தது. சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 800-ஆல் வகுக்க வேண்டும். அங்குலத்தில் போட்டால் பவுண்டில் விடை வரும். நம் மீனுக்கு 22.6 பவுண்டு, அதாவது பத்தேகால் கிலோ. பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. சால்மனுக்கு 750-ஆல்தான் வகுக்க வேண்டும் என்றார். அப்படிப் போட்டால் 24.1. இரண்டு எண்ணும் புழக்கத்தில் உண்டு. எதை எடுப்பது என்பதை மீன் பிடித்தவரின் மனநிலையும் கொஞ்சம் தீர்மானிக்கிறது.

எண்ணூறு எங்கிருந்து வந்தது? மீன் மூக்கிலிருந்து வால் வரை ஒரே பருமனான உருளையாக இருந்து, தண்ணீரின் அடர்த்தியே அதற்கும் இருந்தால், 348-ஆல் வகுத்தாலே எடை கிடைத்துவிடும். மீனோ இருபுறமும் ஒடுங்குகிறது. 800 என்றால், அந்த உருளையில் ஏறக்குறைய 43 சதவீதத்தைத்தான் மீன் அடைத்துக்கொள்கிறது என்று பொருள். கொழுத்த மீன் இன்னும் அதிகம் அடைக்கும், இளைத்தது குறைவாக.

பெரியவர் அரை அங்குலத்துக்கு ஏன் மல்லுக்கு நின்றார் என்பதும் இந்தக் கணக்கில் தெரிகிறது. நீளத்தில் ஓர் அங்குலம் கூட்டினால் எடை அரை பவுண்டுதான் ஏறும். சுற்றளவில் ஓர் அங்குலம் கூட்டினால் இரண்டேகால் பவுண்டு ஏறிவிடும். ஆனாலும் ஊரெல்லாம் நீளத்தைத்தான் பேசுகிறது. கையை விரித்துக் காட்ட வசதியாக இருப்பதால் இருக்கலாம். போட்டோவை நம்புவது அதைவிட மோசம். மீனை கேமராவை நோக்கி நீட்டிப் பிடித்தால் பத்து பவுண்டும் இருபதாகத் தெரியும்.

நீளத்தை மட்டும் வைத்து எடை சொல்லும் அட்டவணைகளும் உண்டு. எடை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிப் போகிறது. நீளம் பத்து சதவீதம் கூடினால் எடை மூன்றில் ஒரு பங்கு கூடும். மீனின் சதைப்பிடிப்பை அளக்க, ஸ்காட்லாந்து மீன்வள விஞ்ஞானி ஃபுல்டனின் பெயரில் ஒரு குறியீடு இருக்கிறது: கிராம் எடையை நூறால் பெருக்கி, சென்டிமீட்டர் நீளத்தின் மும்மடியால் வகுப்பது. விடை 1-ஐச் சுற்றி வரும். 800-ஐ ஏற்றால் நம் மீனுக்கு 0.91. இலையுதிர்காலத்து ஆணுக்கு இது பொருந்துகிறது. சால்மன் ஆற்றுக்குள் நுழைந்தபின் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தே மாதக்கணக்கில் காலம் தள்ளுகிறது. வசந்தத்தில் பளபளவென்று ஏறிவரும் மீனும், முட்டையிட்டு ஓய்ந்த மீனும் ஒரே நீளம் இருக்கலாம். எடை ஒன்றாக இருக்காது.

இந்தச் சூத்திரத்துக்குச் சரியான சோதனை இதே கேப்புத் பக்கத்திலேயே இருக்கிறது. 1922 அக்டோபர் 7 அன்று, கிளென்டெல்வைன் பகுதியில், அப்பாவோடு படகில் போன ஜார்ஜினா பாலன்டைன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடி ஒரு சால்மனைக் கரை சேர்த்தார். நீளம் 54 அங்குலம், சுற்றளவு 28½. தராசு காட்டியது 64 பவுண்டு. பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மனில் இன்றுவரை இதுதான் சாதனை. பெர்த் நகர மருத்துவமனைக்கு அந்த மீன் உணவாகப் போனது.

குடிலில் அதே எண்களைப் போட்டுப் பார்த்தோம். 800-ஆல் வகுத்தால் 55 பவுண்டுகூட வரவில்லை. பெரியவரின் 750-க்கு 58½. அறுபத்துநான்கு வர வேண்டுமென்றால் 685-ஆல் வகுக்க வேண்டும். தராசு மட்டும் இல்லாதிருந்தால், உலகம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒன்பது பவுண்டைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். அப்படியொரு எடை மீண்டும் பதிவாக வாய்ப்பில்லை என்று நினைக்கிறேன். மீன் இல்லாமல் போய்விடும் என்பதற்காக அல்ல, இன்று எடையில் சாதனை கோரினால் சான்றளிக்கப்பட்ட தராசு வேண்டும்; அது வருவதற்குள் நல்ல மனசுக்காரன் மீனை ஆற்றில் விட்டிருப்பான்.

கில்லி குடிலின் பதிவேட்டை எடுத்தார். பழைய பக்கங்களைப் புரட்டினேன். இருபது பவுண்டு மீன்கள் வரிசையாக இருந்தன. பத்தொன்பது பவுண்டு மீன் இந்த ஆற்றில் அபூர்வம் போலிருக்கிறது. தேதி, மடுவின் பெயர், 41, 21 என்று எழுதிவிட்டு, எடைக்கான கட்டத்தை விட்டுவைத்துப் பேனாவைப் பெரியவரிடம் நீட்டினார்.

அவர் 24 என்று எழுதினார்.